கும்பிட வேண்டாம், கணக்கு கேளுங்க

சினிமாவில் விவசாயி வருகிறார் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். அவருக்கு இரண்டே வேஷம்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்று, சாமி. மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு, நான்தான் ஊருக்குச் சோறு போடுகிறேன் என்று வசனம் பேசுவார். இன்னொன்று, பிணம். பூச்சி மருந்தைக் குடித்துவிட்டு வரப்பில் கிடப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிறான். காலையில் எழுந்து வாய்க்காலில் தண்ணி வருதான்னு பார்த்துட்டு, டீக்கடையில் உர விலையைத் திட்டிட்டு, மத்தியானம் சொசைட்டியில் வரிசையில் நிக்கிறவன். அவனைத் திரையில் பார்ப்பது அபூர்வம்.

பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் பலர் என்னைப் பார்த்ததும் சொல்வது, "நீங்கதான் சார் கடவுள்." எனக்குக் கூச்சமாக இருக்கும். கடவுளிடம் யாரும் விலை கேட்க மாட்டார்கள். போன வருஷம் போட்ட நெல் என்ன வெலைக்குப் போச்சு, கூலி ஆளுக்கு என்ன குடுக்கறீங்க, மிச்சம் என்ன நின்னுதுன்னு யாரும் கேட்டதில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தக் கும்பிடு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பாதிக்கு மேல் சினிமாவிலிருந்துதான் வந்திருக்கிறது.

அதனால் கிராமத்துப் படம் நல்ல படமா இல்லையா என்று பார்க்க நான் ஒரு சின்ன அளவுகோல் வைத்திருக்கிறேன். படத்தில் யாராவது ஒருத்தர் கணக்கு போடுறாங்களா? கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, தண்ணி எத்தனை நாள், பட்டா யார் பேருல. இதில் ஏதாவது ஒன்றாவது கதைக்குள் வந்துவிட்டால், அந்தப் படம் எடுத்தவருக்கு எங்க ஊரைத் தெரியும் என்று அர்த்தம். சண்டைப் படமோ, காமெடியோ, சீரியலோ, எல்லாத்துக்கும் இதே படிதான்.

முதலில் சண்டைப் படத்தை எடுத்துக்குவோம். 2014 தீபாவளிக்கு வந்த 'கத்தி'. முருகதாஸ் இயக்கிய படம், விஜய்க்கு இரட்டை வேஷம். எங்க பக்கத்துப் பையன்கள் எத்தனை தடவை பார்த்தார்கள் என்று எண்ண முடியாது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவர் புள்ளிவிவரமாக அடுக்குகிற காட்சி வந்தால் இன்றைக்கும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். நானும் ரசித்தேன். எங்கள் பிரச்சினையை ஒரு பெரிய ஹீரோ பேசினால் நாலு பேர் காதில் விழும் என்பது உண்மைதான். ஊர்ப் பெரியவர்கள் செத்தால்தான் செய்தி திரும்பிப் பார்க்கும் என்று அந்தப் படம் சொன்னதும் பொய்யில்லை.

ஆனால் அதில் எதிரி கோட்டு சூட்டு போட்டு வருகிறான். அவனை அடித்தால் தண்ணி வந்துவிடும். எங்க ஊரில் எதிரி அப்படி வந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும்! இங்கே எதிரி கடைமடைக்குத் தண்ணி வராத பத்து நாள். அறுப்பு நேரத்தில் பெய்கிற மழை. பாகப் பிரிவினையில் வாய்க்கால் பக்கம் உள்ள துண்டு யாருக்கு என்று சண்டை போடுகிற சொந்த அண்ணன் தம்பி. இவங்களில் யாரை அடிப்பது? கையில் கத்தி இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

தண்ணிக்காகவே எடுத்த இன்னொரு படம், 33 வருஷம் முன்னால் வந்தது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை பாலசந்தர் படமாக்கிய 'தண்ணீர் தண்ணீர்', 1981. அத்திப்பட்டிக்காரர்கள் மனு போட்டுப் போட்டு அலுத்துப்போய், தாங்களே கால்வாய் வெட்டக் கிளம்புவார்கள். அதையும் வந்து நிறுத்துவார்கள். அந்தப் படத்தில் ஜெயிக்கிற ஹீரோ கிடையாது. பார்த்துவிட்டு விசில் அடிக்க முடியாது, வயிறு எரியும். இரண்டில் எது எங்க கதை என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், பழைய படம்தான். மனுவும் பதிலும் எப்படி ஒரு ஊரைத் தின்னும் என்பது அதில் இருக்கிறது.

அடுத்து, 'திரும்பி வந்த படித்தவன்' வகை. 2021 பொங்கலுக்கு நேரடியாக ஓடிடியில் வந்த 'பூமி'யில் ஜெயம் ரவி நாசா விஞ்ஞானி. ஊருக்கு வந்து விவசாயம் பார்க்க ஆரம்பிப்பார். இந்த வகைப் படங்கள் மேல் எனக்கு இருக்கிறது வருத்தம். வேலையை விட்டுட்டு வரேன், அஞ்சு ஏக்கர் பார்த்துக் கொடுங்க என்று கேட்டு வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள், மனசு சுத்தம். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. மூணு வருஷத்துக்கு வருமானம் இல்லாமல் வீடு ஓடுமா? பதில் வராது. படத்தில் அந்த மூணு வருஷத்தை ஒரு பாட்டில் முடித்துவிடுகிறார்கள். விதை விழுகிறது, பயிர் அலை அடிக்கிறது, ஊரே சிரிக்கிறது. அந்தப் பாட்டு ஓடுகிற நாலு நிமிஷத்துக்குள்தான் எங்க வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. அதைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

பாட்டு என்றதும் ஒரு சின்ன வயித்தெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். கதாநாயகி நட்ட வயலுக்குள் ஓடுவார், பின்னாலேயே பத்து பேர் ஆடுவார்கள். பார்க்கிறவர்கள் அவர் புடவையைப் பார்ப்பார்கள், எங்க வீட்டில் எல்லோரும் காலைப் பார்ப்போம். "ஐயோ, தூரு போச்சே" என்று என் அம்மா டிவியைப் பார்த்துத் திட்டுவாங்க. சூரியகாந்தித் தோட்டத்தில் டூயட் என்றால் இன்னும் மோசம்.

2018ல் வந்த 'கடைக்குட்டி சிங்கம்' கொஞ்சம் வேற. பாண்டிராஜ் படம், கார்த்தி. அதில் ஹீரோ தன்னை விவசாயி என்று தலை நிமிர்ந்து சொல்வார், அழமாட்டார். எனக்கு அது பிடித்தது. எங்க ஊரில் பையனுக்கு நிலம் இருக்கு, நல்ல குணம் என்று சொன்னாலும் பொண்ணு வீட்டில் முதல் கேள்வி, "வேலை என்ன?" விவசாயம் என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. முப்பத்தஞ்சு தாண்டியும் கல்யாணம் ஆகாமல் இருக்கிற விவசாயப் பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கமர்ஷியல் படம் விவசாயியைக் கௌரவமான மாப்பிள்ளையாகக் காட்டியது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அதிலும் ஒரு குறை. அந்த வயலில் யார் நட்டது? யார் களை எடுத்தது? ஐந்து அக்கா, மாமா, மச்சான் என்று கூட்டமான குடும்பம் திரையை நிறைக்கிறது. நாற்றைப் பறித்து, முடி கட்டி, குனிந்து நட்ட பொம்பளைகள் பின்னணியில் வண்ணப் புள்ளிகளாக நிற்கிறார்கள். 1967ல் எம்.ஜி.ஆர். நடித்த 'விவசாயி'யிலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். தமிழ் சினிமாவில் விவசாயி என்றால் நிலம் வைத்திருக்கிறவன். வேலை செய்கிறவன் வேற ஆள், அவனுக்குப் பேர் கிடையாது. நிலம் வைத்திருக்கிற நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கு என்பதுதான் வேடிக்கை.

இந்தப் பேர் இல்லாத ஆளுக்குப் பேர் கொடுத்த படம் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. அதுவும் 2018தான். ரங்கசாமி மலைக்கு மேலே கீழே மூட்டை சுமக்கிறவன். ஒரு துண்டு நிலம் வாங்கணும், அவ்வளவுதான் ஆசை. படம் முழுக்க அவன் கணக்கு போட்டுக்கொண்டே இருக்கிறான். சேர்த்த காசு போதாது. கூட ஒரு வருஷம். மறுபடி போதாது. ஏலக்காய் மூட்டை மலையிலிருந்து உருண்டு போகும்போது எங்க வீட்டில் யாருமே பேசவில்லை. அடிதடியில் ஒருத்தன் செத்தால்கூட இப்படி ஒரு அமைதி வராது. கஷ்டப்பட்டு நிலம் வாங்கி, உரத்துக்கும் விதைக்கும் பட்ட கடனில் அதையும் விட்டுவிட்டு, கடைசியில் தன் நிலத்தில் நட்ட காற்றாலைக்கே அவன் காவலுக்கு உட்கார்ந்திருப்பான். பின்னணியில் அழுகை கிடையாது, வசனம் கிடையாது. எனக்குத் தெரிந்து தமிழில் விவசாயக் கடனைப் பற்றி வந்த சரியான படம் அதுதான். கடன்காரன் வில்லன் மாதிரி சிரிக்கவே மாட்டான். பழகின முகமாக, "எடுத்துட்டுப் போ, அப்புறம் பாத்துக்கலாம்" என்றுதான் கொடுப்பான். அந்த "அப்புறம்"தான் நிலத்தைத் தூக்கும்.

எல்லோரும் கொண்டாடிய 'கடைசி விவசாயி'க்கு வருகிறேன். மணிகண்டன் படம், 2022ல் வந்தது. நடிகரே இல்லாத நல்லாண்டி தாத்தாதான் மாயாண்டி. படம் வெளிவரும்போது அவர் உயிரோடு இல்லை, பிறகு தேசிய விருதில் அவர் பேரைச் சிறப்பித்துச் சொன்னார்கள். குலசாமிக்குப் படைக்க நெல் வேண்டும், அந்த ஊரில் விவசாயம் பார்ப்பது அவர் ஒருவர்தான். செத்த மயிலைப் புதைத்ததற்கு மயிலைக் கொன்றதாகக் கேஸ். அவர் உள்ளே இருக்க, பயிருக்குத் தண்ணி பாய்ச்சச் சொல்லிப் போலீஸ்காரருக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். அந்த இடத்தில் நான் கை தட்டினேன். கோர்ட்டுக்கு வாய்தா உண்டு, பயிருக்கு வாய்தா கிடையாது. அந்தப் போலீஸ்காரர் முதலில் சலித்துக்கொண்டு வருவதும், பிறகு தானே பயிர் மேல் கண்ணாக இருப்பதும் சத்தியமான காட்சி. பயிர் பக்கத்தில் பத்து நாள் நின்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

ஆனாலும் அந்தப் படத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மாயாண்டிக்குத் தேவை மிகக் குறைவு. ஆசை கிடையாது, அவசரம் கிடையாது. அப்படி ஒரு ஆளை யாருக்குத்தான் பிடிக்காது? பட்டணத்து நண்பர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "விவசாயின்னா அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எங்க ஆட்களுக்குப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், வண்டிக்குத் தவணை கட்டணும், அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும். செல்போன் வைத்திருக்கிறார்கள், ரம்மியும் ஆடுகிறார்கள். பேராசை உள்ளவனும் விவசாயிதான். அவன் விளைச்சலுக்கும் நியாயமான விலை வேண்டும். துறவியாக இருந்தால்தான் பரிதாபப்படுவோம் என்றால், பருவத்துக்குப் பருவம் எங்களுக்கு நற்சான்றிதழ் வாங்குகிற வேலையும் சேர்ந்துகொள்ளும்.

மாரி செல்வராஜ் படங்கள் எங்க பக்கத்தில் நிறைய பேருக்கு உறுத்தும். ஏன் உறுத்துது என்று வெளியில் சொல்ல மாட்டார்கள். 'கர்ணன்' வந்தது 2021ல். ஹீரோ தனுஷ், சண்டை இருக்கிறது, கத்தி இருக்கிறது. ஆனால் கதையின் ஆணிவேர் ஒரு பஸ். பொடியன்குளத்தில் பஸ் நிற்காது, அவ்வளவுதான். பஸ் நிற்காத ஊரில் கர்ப்பிணிக்கும் காலேஜுக்குப் போகிற பொண்ணுக்கும் என்ன ஆகும் என்பது, பஸ் நிற்கிற ஊர்க்காரனுக்குத் தெரியாது. பஸ் எங்கே நிற்கணும் என்று முடிவு செய்வது யார் என்று அந்தப் படம் கேட்டது. அதுவும் கணக்குதான், வேற மாதிரிக் கணக்கு.

2024ல் வந்த அவருடைய 'வாழை' இன்னும் நேராக வந்து குத்தியது. வாழைத்தார் சுமக்கிறவர்கள் தாருக்கு ஒரு ரூபாய் கூலி ஏற்றிக் கேட்கிறார்கள். அந்த ஒரு ரூபாயைக் கொடுத்துவிட்டு, அதைத் திருப்பி எடுக்க வழி பார்க்கிறான் புரோக்கர். ஆட்கள் வருவதற்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து போகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு நடப்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் படம் பார்த்த வாரம் எங்க டீக்கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. 'கத்தி' பற்றி மணிக்கணக்கில் பேசினவர்கள்தான். காரணம் சுலபம். 'கத்தி'யில் எதிரி கம்பெனிக்காரன், 'வாழை'யில் கூலி கொடுக்கிற எங்களில் ஒருத்தன். நெல் விலையை அரசாங்கம் நூறு ரூபாய் ஏற்றினால் பத்தாது என்கிற நாங்கள், நடவுக்கு வருகிற பொம்பளைகள் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டால் "காலம் கெட்டுப்போச்சு" என்கிறோம். விவசாயியைக் காப்பாற்றுங்கள் என்று குரல் கொடுக்கிற எந்தப் படமும் இந்த இடத்துக்கு வந்ததில்லை. அது வந்தால் கைத்தட்டல் பாதியாகக் குறைந்துவிடும்.

சரி, ரொம்பக் கனமாகப் போகுது. காமெடிக்கு வருவோம்.

கிணற்றைக் காணோம் என்று வடிவேலு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற காமெடி தெரியாத தமிழன் கிடையாது. மாரிமுத்து இயக்கிய 'கண்ணும் கண்ணும்', 2008. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். எங்க ஊரில் சிரிப்பு கொஞ்சம் வேற மாதிரி வரும். காகிதத்தில் கிணறு இருக்கும், நிலத்தில் இருக்காது. கடன் ரசீது பத்திரமாக இருக்கும், தண்ணி மட்டும் இருக்காது. கால்வாய் தூர் வாரினதாகப் பலகை இருக்கும், கால்வாய்க்குள் காட்டாமணக்கு ஆள் உயரம் நிற்கும். பலகையோட போட்டோ எடுத்துக்கொண்டு நாமும் போய் "வாய்க்காலைக் காணோம்" என்று எழுதிக் கொடுக்கலாமா என்று தோன்றும். ஒரு மணி நேரம் பேசவேண்டிய விஷயத்தை அந்த மனுஷன் அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

2010ல் வந்த 'களவாணி'யும் அப்படித்தான். சற்குணம் படம். நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து மண், பேச்சு, வம்பு எல்லாம் சரியாக இருக்கும். பையன் ஆவணி பிறந்தால் பெரிய ஆளாக வருவான் என்று ஜோசியத்தை நம்பிக்கொண்டிருக்கிற அம்மா சரண்யா. வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புகிற அப்பா இளவரசு. விளையாட்டுப் படம் என்று தள்ளிவிட வேண்டாம். காவிரிப் பாசனத்து வீடுகளில் பாதி வீடு இப்படித்தான் ஓடுகிறது. நடவுச் செலவுக்குப் பணம் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும். வயல் வீட்டைக் காப்பாற்றுகிற காலம் போய், வெளிநாட்டுச் சம்பளம் வயலைக் காப்பாற்றுகிறது. எந்தப் புரட்சிப் படமும் சொல்லாத இந்த உண்மையை ஒரு காமெடிப் படம் போகிற போக்கில் காட்டிவிட்டுப் போனது. 2021ல் மடோன் அஸ்வின் எடுத்த 'மண்டேலா'வையும் இதே வரிசையில் வைப்பேன். ஊரே ஏறெடுத்துப் பார்க்காத முடிதிருத்துகிறவரிடம் ஒரு ஓட்டு வந்ததும் ரெண்டு தெருவும் எப்படிக் குழையுது என்று பார்த்தால், உள்ளாட்சித் தேர்தல் பார்த்தவர்களுக்கு வேற விளக்கம் தேவையில்லை.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். சீரியலுக்கும் நான் மார்க் போடுவேன்.

சீரியலில் கிராமம் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அரண்மனை மாதிரி வீடு, விடியற்காலை ஐந்து மணிக்கே பட்டுப்புடவை, தலை நிறைய பூ. யாரும் வயலுக்குப் போகமாட்டார்கள், ஆனால் சாப்பாடு மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதையெல்லாம் கேலி செய்ய எனக்கும் தெரியும். ஆனால் 2022ல் சன் டிவியில் ஆரம்பித்த 'எதிர்நீச்சல்' எங்க தெருவில் செய்த காரியத்தை எந்தப் படமும் செய்யவில்லை. கிணறு காமெடிப் படத்தை இயக்கிய அதே மாரிமுத்துதான் அதில் ஆதி குணசேகரன். வீட்டுக்கு வந்த பெண்களை அடக்கி வைத்திருக்கிற சொத்துக்காரன். கதை எதைச் சுற்றி ஓடியது? அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு. அந்தக் கையெழுத்து யாருக்கு என்பதுதான் மாசக்கணக்கில் சஸ்பென்ஸ்.

அந்த நாட்களில் களை எடுக்கிற இடத்தில் பேச்சே அதுதான். "ஆமா, எனக்கும் எங்க அப்பன் சொத்துல பங்கு உண்டாமே?" என்று பொம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989லேயே சட்டம் வந்துவிட்டது. 2005ல் நாடு முழுக்க வந்தது. சட்டம் வந்து இத்தனை வருஷம் கழித்தும், எங்க பக்கம் அக்கா தங்கச்சியிடம் "சீர் செஞ்சாச்சுல்ல" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவதுதான் வழக்கம். நாற்று நடுகிறது, களை எடுக்கிறது, மாடு கழுவுகிறது எல்லாம் அவர்கள். பட்டாவில் பேர் இல்லை. பட்டா இல்லாவிட்டால் பயிர்க்கடன் வாங்க அலையணும், வெள்ள நிவாரணம் வந்தாலும் புருஷன் பேருக்குத்தான் போகும். அழுவாச்சி சீரியல் என்று நாம் தள்ளிவிடுகிற ஒன்று அந்தக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது. ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிற ஆம்பளைகளுக்கு அது ஏன் பிடிக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

டிவி என்று பேச ஆரம்பித்தபின் தூர்தர்ஷனின் 'வயலும் வாழ்வும்' பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. உங்களுக்கெல்லாம் அது ஒரு ஜோக். பாட்டோ படமோ வரும் என்று காத்திருக்கும்போது குறுக்கே வந்து உட்காரும் நிகழ்ச்சி. ஒரு அதிகாரி கேமராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஏக்கருக்கு எத்தனை கிலோ யூரியா, எத்தனை நாளில் மேலுரம் என்று ஒப்பிப்பார். ஆனால் எங்கள் வேலையைப் பற்றி எங்களிடமே பேசின நிகழ்ச்சி அது ஒன்றுதான். கிராமத்தைப் பட்டணத்துக்குக் காட்டுவது அதற்கு வேலையே இல்லை.

அதற்கும் முன்னால் ரேடியோ. 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி 27 என்று ஒரு குறுகிய கால நெல் வந்தது. திருச்சி வானொலி பண்ணை நிகழ்ச்சிகளில் அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், ஒரு ஒலிபரப்பு நெல்லுக்குப் பேராக ஆனது. அத்தனை கோடி போட்டு எடுக்கிற எந்த விவசாயப் படத்தின் பேராவது ஒரு விதைக்கோ ஒரு வாய்க்காலுக்கோ வந்திருக்கிறதா?

சினிமாக்காரர்கள் பாடம் நடத்தணும் என்று நான் சொல்லவில்லை. அது அவர்கள் வேலை இல்லை. கதை சொல்லட்டும். ஆனால் கதை எங்க வேலைக்குள்ளேயே இருக்கிறது, அதை எட்டிப் பார்க்கலாமே என்கிறேன்.

த்ரில்லர் வேண்டுமா? நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வாருங்கள். அறுத்த நெல்லைக் கொட்டிக் குவித்துவிட்டு வரிசைக்குக் காத்திருக்கிறோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. காலையில் காய வைத்தால் பதினேழுக்கு வரும். மத்தியானம் மேற்கே கருக்கும். தார்ப்பாய் ஒன்றுதான் இருக்கிறது, குவியல் மூன்று. சாக்கு வரவில்லை. லாரி வராததால் ஏற்கெனவே எடை போட்ட சிப்பங்கள் உள்ளே அடுக்கிக் கிடக்கு, புதிதாகப் போட இடம் இல்லை. சிப்பம் 40 கிலோ, அதற்கு மேல் கொஞ்சம் 'பார்த்துக் கொடுக்கணும்' என்ற பேச்சும் உண்டு. ராத்திரி முழுக்க நெல்லுக்குப் பக்கத்தில் படுத்து வானத்தைப் பார்க்கிறான் ஒருத்தன். முதல் துளி மூக்கில் விழுகிறது. ஈரம் பார்க்கிற மெஷினில் நம்பர் ஓடுகிறது. 16.8 வருமா, 17.4 வருமா? இதைவிட நகம் கடிக்க வைக்கிற காட்சி எந்த வெப் சீரிஸில் இருக்கிறது? 'விலங்கு' மாதிரி ஒரு சின்ன ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே ஏழு எபிசோடு நம்மை உட்கார வைக்கத் தெரிந்தவர்கள் தமிழில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தர் ஒரு வாரம் எங்களோடு அந்தக் களத்தில் படுத்துப் பார்க்கட்டும்.

குடும்பக் கதை வேண்டுமா? பொண்ணு கிடைக்காத முப்பத்தெட்டு வயசுப் பையனும், நிலத்தை விற்றுவிட்டு டவுனில் கடை வைக்கலாமா என்று ராத்திரி குசுகுசுவெனப் பேசுகிற அவன் அப்பா அம்மாவும். பேய்ப் படம் வேண்டுமா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வருகிற மூன்று முனை மின்சாரத்துக்கு டார்ச் எடுத்துக்கொண்டு தனியாகக் கொல்லைக்குப் போய்ப் பாருங்கள். பேயை விட்டுவிடுவோம், பாம்பு இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த தடவை ஒரு விவசாயப் படம் பார்த்துவிட்டுக் கண் கலங்கி வெளியே வரும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்தப் படத்தில் வேலை செய்த ஆளுக்குக் கூலி எவ்வளவு என்று சொன்னார்களா? பொம்பளைகள் பேரில் ஏதாவது இருந்ததா? விளைந்ததை யார், என்ன விலைக்கு வாங்கினார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால், அந்தக் கண்ணீரை வைத்து எங்களுக்கு ஒரு மூட்டை உரம்கூட வாங்க முடியாது.

கேட்டுப் பழகிவிட்டால், அதே கேள்வியை மார்க்கெட்டிலும் கேட்கத் தோன்றும். கிலோ அறுபதுக்குத் தக்காளி வாங்கும்போது, இதில் காட்டுக்காரனுக்கு எவ்வளவு போச்சு, பறித்தவளுக்கு எவ்வளவு போச்சு என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, கேளுங்கள். என்னைப் பார்க்க வந்தாலும் அதையே கேளுங்கள். போன போகம் வரவு செலவு எழுதின நோட்டு என்னிடம் இருக்கிறது, காட்டுகிறேன்.